பேஸ்மன்ற்றில் வெய்யில்

"தம்பி அன்புராசா, உம்மட கதவுக்குக் கீழால வெய்யில் எறிக்குது."

வீட்டுக்காரி ஜெயமலர் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று இதைச் சொன்னார். ஜனவரி மாதம். மோர்னிங்சைட்டில் அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு. சூரியன் மத்தியானமே ஒப்புக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. ஆனால் நிலத்துக்குக் கீழே, சோப்புப் பெட்டியளவு யன்னல் வைத்த அந்த பேஸ்மன்ற் அறையின் கதவிடுக்கால் நல்ல மஞ்சள் வெய்யில் வந்து தரைவிரிப்பில் கோடு போட்டிருந்தது.

அன்புராசா கதவை ஒரு சாண் திறந்து, அந்தச் சாண் முழுவதையும் தன் உடம்பால் அடைத்தான்.

"லைட் அக்கா."

"லைட் எண்டு எனக்கும் தெரியும். கறண்டுக்கு ஹைட்ரோ பில் எனக்குத்தானே வாறது. உது என்ன லைட்?"

அவன் முதுகுக்குப் பின்னால், கண்ணாடித் தொட்டிக்குள், ஒன்றரையடி நீளமான ஆபிரிக்க உடும்பு ஒன்று கல்லின்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பெயர் ரோசி. ஜெயமலரின் வீட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஹீற்றர் பாவிக்கக்கூடாது; நாய் பூனை வளர்க்கக்கூடாது. சட்டத்தில் உடும்பு என்று எங்கேயும் இல்லைத்தான். ஆனால் ஜெயமலரோடு அப்படியொரு நியாயம் பேசி வென்ற குடியிருப்பாளன் இன்னும் பிறக்கவில்லை.

"டொக்டர் தந்தவர்," என்றான் அன்புராசா. "எனக்கு எலும்பில சுண்ணாம்பு காணாதாம். வெய்யில் லைட் பிடிக்கச் சொன்னவர்."

அவனுக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. சொன்ன பொய்யைப் பராமரிக்கத்தான் வராது.

"சுண்ணாம்போ?" ஜெயமலரின் முகம் மாறியது. "எனக்கும் உந்த முழங்கால் ஒரு படி ஏற விடுகுதில்லை. எங்கட டொக்டர் ரெண்டு குளிசையைத் தந்து கலைச்சுப்போட்டார். எப்பன் பொறும், கதிரை எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் கதிரை எடுத்துவர எடுத்த நேரத்தில் அன்புராசா உடும்பை உடுப்புக் கூடைக்குள் போட்டு, மேலே துவாயை மூடி, கட்டிலுக்குக் கீழே தள்ளினான். தொட்டி என்னத்துக்கென்று ஜெயமலர் கேட்டபோது மீன் வளர்க்கப் போவதாகச் சொன்னான். பதில் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. சேலையை எப்பன் உயர்த்தி முழங்கால் இரண்டையும் விளக்குக்கு நேரே வைத்தவர், கண்ணை மூடிவிட்டார்.

"சொன்னா நம்பமாட்டீர், ஊர் வெய்யில்தான்," என்றார்.

அன்புராசாவின் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏஜென்சி மூலம் இரண்டு வருடமாக அவன் தற்காலிக வேலை. கலியாணம் கட்டிப் பதினேழாம் நாள் விமானம் ஏறியவன். மனைவி அருள்மலர் நாலு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று இருந்தால் அவளைக் கூப்பிடும் அலுவல் சுறுக்காக முடியும் என்று படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் சூப்பவைசர் கேரியின் கையில்.

கேரியைப்பற்றி வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் புளோரிடா போனபோது மூன்றாம் மெஷின் அல்பேட் அவருடைய உடும்பைப் பொறுப்பெடுத்தார். அந்த மாசியே அல்பேட் நிரந்தரம். ஆகவே இந்த மார்கழியில், மதியச் சாப்பாட்டு நேரம், "இரண்டு வாரத்துக்கு ஒரு உடும்பை யாராவது..." என்று கேரி தொடங்கியபோது, வசனம் முடியுமுன் அன்புராசாவின் கை மேலே நின்றது. அல்பேட்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் முதுகில் ஒப்பரேசன் செய்து கார்த்திகையிலிருந்து லீவில் இருந்தார்.

கேரி உடும்பைக் கொண்டுவந்து கொடுத்த விதமே அன்புராசாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குளிரில், திறந்த பிக்கப் ட்ரக்கின் பின்பக்கத்தில், தொட்டியை ஒரு போர்வைகூடப் போர்த்தாமல் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரர் குளிருக்குப் பழகினவர்கள் என்று நினைத்துக்கொண்டு, விறைத்துக் கிடந்த உடும்பைத் தூக்கித் தன் ஜக்கெற்றுக்குள் வைத்தான்.

"எது நடந்தாலும் கவலைப்படாதே," என்றார் கேரி ஆங்கிலத்தில். "உடும்புதானே. இப்படியான விஷயங்கள் நடக்கும். போன் எடுத்து என்னைத் தேட வேண்டாம்."

வெள்ளைக்காரர் 'கவலைப்படாதே' என்றால் நன்றாகக் கவலைப்படவேண்டும் என்பது அன்புராசா இந்த நாட்டில் முதலில் படித்த பாடம். கேரியின் மனைவி ஷேரன் எழுதிய குறிப்பு ஒன்றும் கிடைத்தது. அதன் தலையில் 'பக்கம் 2' என்று இருந்தது. "அதன் பின்னரே கொடுக்கவும், ஒருபோதும் மறக்கவேண்டாம்" என்று அது தொடங்கியது. முதலாம் பக்கம் முக்கியமில்லை என்று கேரி சொல்லிவிட்டார்.

அன்புராசா பஸ் பிடித்துப் பிளாசாவில் இருந்த செல்லப்பிராணிக் கடைக்குப் போனான். கழுத்தில் பாம்பு பச்சை குத்திய ஒரு பெண் அவனுக்கு எல்லாம் விளக்கினாள். கேரி தந்த குழாய் விளக்கு எரியுதுதான், ஆனால் பழசு. அதில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம், உடும்புக்கு வேண்டிய கதிர் எப்பவோ போய்விட்டது. ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றவேண்டும். கண்ணாடிக்கு வெளியே வைத்தாலும் பிரயோசனம் இல்லை. சூட்டு விளக்கு தனி. அதற்குக் கீழே கல் நாற்பத்தைந்து பாகைக்கு மேல் கொதிக்கவேண்டும். தினமும் பன்னிரண்டு மணித்தியாலம். உயிரோடு சில்வண்டு வாங்கி, கல்சியமும் டி3யும் கலந்த வெள்ளைத் தூளில் பிரட்டிக் கொடுக்கவேண்டும்.

"கொடுக்காவிட்டால்?"

"எலும்பு றப்பர் ஆகும். தாடை வளையும்."

அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தான். சுண்ணாம்புக் கதையும் அங்கேயிருந்துதான் வந்தது.

இப்போது தினமும் பின்னேரம் நாலரைக்கு ஜெயமலர் கதிரையோடு வந்தார். ஆறரை வரைக்கும் முழங்காலுக்கு வெய்யில். மூன்றாம் நாள் மோர்மிளகாய் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே வைத்தார். "சும்மா கிடக்கிற வெய்யில்தானே," என்றார்.

அந்த இரண்டு மணித்தியாலமும் உடும்பு குளியலறையில், குளிர்ந்த குளியல் தொட்டிக்குள் கிடந்தது. நாலாம் நாள் அது சாப்பிடாமல் விட்டது. அன்புராசா கடைக்குப் போன் எடுத்தான்.

"சூடு இல்லாவிட்டால் தின்றது செமிக்காது," என்றாள் பச்சை குத்தியவள். "உள்ளேயே பழுதாகிவிடும்."

அவன் குளியலறைக்கு இன்னொரு விளக்கு வாங்கினான். அதைக் கொழுவிய கணமே மேலே சோத்துப் பானை, ரேடியோ, ஹோல் லைட் எல்லாம் நின்றன. ஜெயமலர் ரோர்ச் லைட்டோடு இறங்கி வந்து பிரேக்கரைத் தூக்கிவிட்டார். குளியலறைக் கதவுக்குக் கீழாலும் ஒரு கோடு தெரிந்தது.

"உதுக்குள்ளயும் வெய்யிலோ?"

"குளிக்கேக்க முதுகுக்கு அக்கா."

"அப்ப முதுகுக்கு வேறயோ?"

அடுத்த நாள் அவர் முன்வீட்டுக் கிளடிஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவவுக்கு முழங்கால் இல்லைத் தம்பி, முதுகு," என்று அறிமுகப்படுத்தினார். கிளடிஸ் அன்ரி குளியலறைக்குள் போய், மூடிய கொமோட்டின்மேல் இருந்து, முதுகை விளக்குக்குக் காட்டிச் செபமாலை சொல்லத் தொடங்கினார்.

உடும்புக்கு இனி வீட்டில் இடமில்லை. அன்புராசா அதைத் தன் சேர்ட்டுக்குள் விட்டு, மேலே இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு, ஜெயமலருக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்தான். உடம்புச் சூடாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். உடும்புப் பிடி என்று சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டவனுக்கு அது என்னவென்று அன்றைக்குத்தான் வயிற்றில் தெரிந்தது. நகம் ஒவ்வொன்றாக இறங்க அவன் பல்லைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"பாவம்," என்றார் ஜெயமலர். "எலும்பு குத்துது."

"சரியான வருத்தம்போல," என்றார் குளியலறையிலிருந்து கிளடிஸ்.

அப்போது கட்டிலுக்குக் கீழே, பெட்டிக்குள்ளிருந்த ஐம்பது சில்வண்டுகளும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

ஜெயமலர் காதைச் சரித்தார். "சில்வண்டு."

"கசெற் அக்கா. ஊர்ச் சத்தம். நித்திரை வாறதுக்கு டொக்டர் தந்தவர்."

"ஆர் தம்பி உந்த டொக்டர்? நானும் அவரிட்ட மாறப்போறன். அந்தக் கசெற்றை எனக்கும் ஒண்டு அடிச்சுத் தாரும்."

ஆகவே சனிக்கிழமை முழுவதும் அன்புராசா சில்வண்டுப் பெட்டிக்கு முன்னால் றெக்கோர்டரைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அன்றைக்குக் கேளாமலே கத்தினதுகள் இப்போது ஆள் முன்னால் இருந்தால் கத்தவில்லை. றெக்கோர்டரைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு அவன் வெளியே போய்ப் பனியில் நின்றான். ஒரு பக்கம் நிரம்பியது. அந்தக் கிழமை மோர்னிங்சைட்டில் மூன்று வீடுகள் அதைக் கேட்டு நித்திரை கொண்டன. மற்றப் பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கிளடிஸ் அன்ரி குறைப்பட்டார்.

எல்லாவற்றிலும் மோசம் தூள். மேசையில் இருந்த போத்தலை ஜெயமலர் தானே கண்டுபிடித்தார்.

"உதுதான் சுண்ணாம்பு மருந்தோ? ஏன் இதில பல்லிப் படம் போட்டிருக்கு?"

"சீனாக்காரன்ர வைத்தியம் அக்கா."

மறுநாள் போத்தல் கால்வாசி குறைந்திருந்தது. இரவு பாலில் ஒரு தேக்கரண்டி கலந்து குடித்ததாக ஜெயமலர் சொன்னார். வேலைக்குப் போன அன்புராசா இடைவேளையில் கடைக்குப் போன் எடுத்தான்.

"அந்தத் தூளைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்றுவிட்டால் என்ன நடக்கும்?"

"எவ்வளவு பெரியது?"

"பெரியதுதான். அறுபத்தெட்டுக் கிலோ வரும்."

மறுபக்கத்தில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அதை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு மேலே," என்றான் அன்புராசா. அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே அவன் போத்தலை ஒளித்துவிட்டு, வெறுங்கோதுமை மாவை இன்னொரு போத்தலில் போட்டு ஜெயமலருக்குக் கொடுத்தான். இரண்டு நாளில் அவர் முன்னையதைவிட இது நல்ல குணம் என்றார். இனி ஒரு பிரச்சினையும் வராது என்று அவன் நினைத்தபோதுதான் கொழும்பிலிருந்து போன் வந்தது. போன் மேலே, ஜெயமலரின் குசினிச் சுவரில் இருந்தது.

"ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?" அருள்மலர் அழுதுகொண்டிருந்தாள். "எலும்பு உருகிற வருத்தமாம். லைட்டுக்குக் கீழதான் சீவியமாம். வெள்ளவத்தையில எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியாது."

கிளடிஸ் அன்ரியின் தங்கையின் மச்சாளும் அதே லொட்ஜில்தான் இருந்தாள். செய்தி போக மூன்று நாள்கூட எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை," என்றான் அன்புராசா. ஜெயமலர் இரண்டடி தள்ளி நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வருத்தக்காரர் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை."

"சத்தியமா ஒண்டுமில்லை. பிறகு சொல்லுறன். எல்லாம் உம்மைக் கூப்பிடத்தான்."

"நான் வரேக்க நீங்கள் இருப்பியளோ?"

நாலு வருடத்தில் அவள் அவனிடம் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் கொடியது. இறங்கி வந்து கட்டிலில் இருந்தான். உடும்பு தொட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அதுவும் சூடான நாட்டிலிருந்து யாரோ பெட்டியில் அடைத்து அனுப்ப வந்ததுதான். அன்றைக்கு அவன் அதற்கு ஒரு முட்டை கூடுதலாகக் கொடுத்தான். அதன்மேல் அவனுக்கு விருப்பம் வந்துவிட்டது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் நாள் அது நடந்தது. ஜெயமலர் முழங்காலுக்கு வெய்யில் பிடித்துக்கொண்டிருந்தார். கிளடிஸ் முதுகை முடித்துக்கொண்டு மோர்மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்புராசா இரண்டு சுவெற்றரோடு பக்கத்தில். வெளிச்சமும் சூடும் ஒரு முழத்தில் இருக்க, இந்த மனிதனின் வயிற்றில் ஏன் கிடக்கவேண்டும் என்று உடும்புக்குத் தோன்றியிருக்கவேண்டும். அது கழுத்துப் பட்டியால் தலையை நீட்டியது. நாக்கை ஒருதரம் வெளியே விட்டுப் பார்த்தது. பிறகு தோளால் இறங்கி, கதிரைக் கையால் நடந்து, ஜெயமலரின் வலது முழங்காலில் ஏறி, வயிற்றைப் பரப்பிப் படுத்தது.

கிளடிஸின் கையில் ஒரு மிளகாய் அப்படியே நின்றது.

"தம்பி," என்றார் ஜெயமலர், உதடு அசையாமல். "உது என்ன?"

அன்புராசா எல்லாவற்றையும் சொன்னான். விளக்கு, தூள், சில்வண்டு, கோதுமை மா, கேரி, கடிதம், அருள்மலர், பதினேழு நாள். சொல்லச்சொல்ல அவனுக்கே அழுகை வந்தது. அறையைவிட்டுப் போகச் சொன்னால் போகிறேன், உடும்பை மட்டும் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க விடுங்கள் என்று கேட்டான்.

ஜெயமலர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

"கிளடிஸ், மேல குசினியில கலண்டர் தொங்குது. பின்பக்கம் பல்லி விழும் பலன் போட்டிருக்கும். எடுத்துக்கொண்டு வாரும்."

"பல்லிக்குப் போட்டதை உடும்புக்குப் பாக்கலாமோ?" என்று கேட்டார் கிளடிஸ். "நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு உது தெரியாது."

"இனம் ஒண்டுதானே. இது பெரிசு. பலனும் பெரிசாத்தான் இருக்கும்."

வேதக்காரக் கிளடிஸ் இரண்டு படியாகத் தாண்டிப் போய்க் கலண்டரை எடுத்துவந்தார். முதுகுநோ என்று வந்தவர் என்பதை அந்த நேரம் ஒருவரும் கவனிக்கவில்லை. வலது முழங்காலுக்கு நேரே 'பயணம், உறவினர் வருகை' என்று போட்டிருந்தது.

"பாத்தீரோ," என்றார் ஜெயமலர். "உம்மட மனுசி வரப்போறா. இனி உந்த மனுசன் கடிதம் தராமல் இருக்கட்டும் பாப்பம்."

கடைசி இரண்டு நாளும் உடும்பு ராசா வீட்டுப் பிள்ளையாக இருந்தது. ஹைட்ரோ பில்லைப்பற்றி ஒரு கதையும் இல்லை. ஜெயமலர் முட்டை அவித்துக் கொடுத்தார். கிளடிஸ் அன்ரி பழைய பல் துலக்கியால் செதிலைத் தேய்த்துவிட்டார். தோல் மினுங்கியது. வால் மொத்தித்தது. கேரியிடம் கொண்டுபோவதற்கு ஜெயமலரே காரை வீட்டு வாசலில் இருபது நிமிடம் சூடாக்கி, பின்சீற்றில் சுடுதண்ணிப் போத்தல் இரண்டு வைத்து, தானே ஓட்டினார்.

தொழிற்சாலை வாசலில் கேரியும் ஷேரனும் காத்திருந்தார்கள். அன்புராசா போர்வையை விலக்கினான்.

ஷேரன் உடும்பைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். இவ்வளவு வடிவாக அது ஒருநாளும் இருந்ததில்லை என்றார். கேரி தொட்டிக்குள் பார்த்தார், உடும்பைப் பார்த்தார், அன்புராசாவைப் பார்த்தார்.

"சாப்பிடுகிறதா?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு இருபது சில்வண்டு. முட்டை தனி."

"விளக்கு?"

"புதிசு வாங்கிப் போட்டிருக்கிறேன். பழசு பழுது."

கேரி தலையாட்டினார். புளோரிடா வெய்யிலில் சிவந்திருந்த முகத்தில் இரத்தம் இறங்கிப்போயிருந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அன்புராசா நினைத்தான்.

"மாசியில் நாங்கள் திரும்பவும் போகலாம்," என்றார் கேரி. "ஆனால் உனக்குக் கரைச்சல் தர விரும்பவில்லை. வேறு யாரிடமாவது கேட்கிறேன்."

"கரைச்சல் ஒன்றுமில்லை. ஒரு வருடமென்றாலும் வைத்திருப்பேன். ஒரு செதில் குறையாது."

கேரி திரும்பி உள்ளே போனார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அல்பேட் இருந்தார். முதுகுக்குப் பட்டி கட்டிக்கொண்டு, லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார். அன்புராசா அவருக்கு முன்னால் இருந்து, சந்தோசம் தாங்காமல், பதினாலு நாள் கதையையும் ஒன்று விடாமல் சொன்னான். கடிதம் இந்தக் கிழமையே வரும், அடுத்த கோடைக்கு அருள்மலர் வந்துவிடுவாள் என்று முடித்தான்.

அல்பேட் பாணை வாய்க்குக் கொண்டுபோனவர் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"உயிரோடயோ குடுத்தனீர்?"

"ஓம் அண்ணை. நல்ல கொழுகொழு எண்டு. ஏன்?"

அல்பேட் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஐசே, மனுசி வளக்கிற உடும்பைத் தன்ர கையால கொல்லப் பயந்துதான் அந்தாள் ஒவ்வொரு ரெம்பறறி வேலைக்காரனாப் பாத்துக் குடுக்கிறது, இதுக்கு முந்தின உடும்பு என்ர கையில மூண்டாம் நாளே செத்துப்போச்சு, புளோரிடாவால வந்த அண்டைக்கே எனக்கு வேலையை நிரந்தரமாக்கிப்போட்டார்."